ஐந்தாவது படிக்குப் பிறகு என்ன தெரிய வேண்டும்?

அந்த வேலையை அதற்கு முன் இருபது தடவையாவது செய்திருப்பேன். இணையதளம் உண்மையானது, பாதுகாப்பானது என்று உலாவிக்குக் காட்டும் டி.எல்.எஸ். சான்றிதழ் காலாவதியாக இரண்டு நாள் இருந்தது. புதிய சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. வருகிறவர்களைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் நான்கு சர்வர்கள். நான்கிலும் புதிய கோப்பைப் போட்டு, தளத்தை வழங்கும் மென்பொருளான வெப் சர்வரை ரீலோட் செய்தால் முடிந்தது. கால் மணி நேர வேலை.

இரவு ஷிஃப்ட் முடியப் போகிற நேரம். மூன்றாவது சர்வரில் கோப்பைப் போட்டு முடித்தபோது வேறொரு டிக்கெட்டுக்காக, அதாவது பதிவான வேறொரு வேலைக்காக, அழைப்பு வந்தது. பேசி முடித்து வந்து நான்காவது சர்வரைத் திறந்தேன். கோப்பைப் போட்டேன், ரீலோட் செய்தேன், உலாவியில் தளத்தைத் திறந்தேன். புதிய தேதி தெரிந்தது. டிக்கெட்டை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது சர்வரில் நான் ரீலோட் செய்யவே இல்லை.

இரண்டு நாள் எதுவும் தெரியவில்லை, பழைய சான்றிதழுக்கு இன்னும் உயிர் இருந்ததால். அது காலாவதியான காலையில் புகார்கள் வர ஆரம்பித்தன. "தளம் பாதுகாப்பில்லை என்று காட்டுகிறது" என்பார்கள். நாங்கள் திறந்தால் ஒழுங்காகத் திறக்கும். அவர்களையே மறுபடி முயலச் சொன்னால், "இப்போ வருதுங்க" என்பார்கள். நான்கு பேரில் ஒருவர்தான் அந்த மூன்றாவது சர்வரில் போய் விழுகிறார் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. பயனரின் கணினியில் கடிகாரம் தவறாக இருக்குமோ, உலாவி பழையதோ என்று காலை முழுக்க வேறு எங்கெங்கோ தேடினோம். நானே நான்கு சர்வர்களிலும் போய்க் கோப்பைத் திறந்து பார்த்தேன். நான்கிலும் புதிய சான்றிதழ்தான் இருந்தது. "கோப்பு சரியாகத்தான் இருக்கிறது" என்று அடித்துச் சொன்னேன்.

கோப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் வெப் சர்வர் என்பது தொடங்கும்போது கோப்பைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ரீலோட் செய்யும்வரை தன்னிடம் இருக்கிற பழையதையே எல்லோருக்கும் நீட்டும். நான் டிஸ்க்கில் இருந்ததைப் பார்த்தேன். வெளியிலிருந்து வருகிறவருக்கு என்ன தெரிகிறது என்பதைப் பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு எங்கள் விக்கியில், அதாவது குழுவின் குறிப்புத் தளத்தில், ஒரு எஸ்.ஓ.பி. (படிப்படியான செயல்முறைக் குறிப்பு) இருந்தது. எழுதியவளே நான்தான். மொத்தம் ஆறு படிகள். ஐந்தாவது படி இப்படி இருந்தது: "எல்லா சர்வர்களிலும் வெப் சர்வரை ரீலோட் செய்யவும்." அவ்வளவுதான். அன்றிரவு நான் அதைத் திறக்கவில்லை, மனப்பாடமாகத் தெரியும் என்பதால். சரி, திறந்திருந்தால் தப்பியிருப்பேனா? அதை நெடுநாள் யோசித்திருக்கிறேன். தப்பியிருக்க மாட்டேன். அந்த வரி என்னை "செய்" என்று மட்டும்தான் சொன்னது. செய்து முடித்ததும் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்று அது சொல்லவில்லை.

இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். அன்றாட ஐ.டி. வேலைகளுக்குப் படிப்படியாகக் குறிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டளைகளைத்தான் எழுதுகிறோம். அவை எல்லோருக்கும் தெரிந்தவை, தேடினால் கிடைப்பவை. வேலையைக் காப்பாற்றுவது இரண்டு வகை வரிகள். ஒன்று, இந்தப் படிக்குப் பிறகு இது தெரிய வேண்டும் என்கிற வரி. இன்னொன்று, அது தெரியாவிட்டால் இங்கேயே நில் என்கிற வரி.

அந்தச் சம்பவத்துக்குச் சில வாரங்கள் கழித்து எங்கள் குழுவில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். சோதனைச் சூழலில் சான்றிதழ் மாற்றும் வேலையை அவனிடம் கொடுத்து, நான் எழுதிய அதே ஆறு படிகளையும் கொடுத்தேன். அவன் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. அது சாதாரணக் கஷ்டம் இல்லை.

இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டான். "கோப்பை வழக்கமான இடத்தில் வைக்கவும்" என்று எழுதியிருந்தேன். அவனுக்கு அங்கே ஒரு வழக்கமும் கிடையாது, அன்றுதான் முதல்முறை. நான்காவது படியில் "தேவைப்பட்டால் இடைநிலைச் சான்றிதழையும் சேர்க்கவும்." தேவையா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வது? அப்புறம் ஐந்தாவதில் ரீலோட் கட்டளையைக் கொடுத்தான். திரையில் ஒன்றுமே வரவில்லை, அடுத்த வரி மட்டும் காத்திருந்தது. திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "அக்கா, ஒண்ணுமே காட்டலையே. ஆயிடுச்சா, ஆகலையா?"

லினக்ஸ் கட்டளைகள் பலவும் வெற்றியை அறிவிக்காது, தோல்வியை மட்டும்தான் சொல்லும். பழகியவர்களுக்கு அந்த மௌனம் நல்ல செய்தி. புதியவருக்கு அது வெறும் மௌனம். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு வரி எழுதத்தான் நான் தவறியிருந்தேன். அவன் கேட்காமல் இருந்திருந்தால், எழுத வேண்டியது என்னவென்றே எனக்குத் தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலமே குறிப்பை மாற்றி எழுதினோம். படிகளும் ஆறிலிருந்து கூடின. ஐந்தாவது படி இப்போது இப்படி இருக்கிறது: "முதல் சர்வரில் மட்டும் ரீலோட் செய்யவும். பிறகு, வெளியில் உள்ள ஒரு கணினியிலிருந்து, லோட் பேலன்சர் வழியாகப் போகாமல் அந்தச் சர்வரின் முகவரிக்கே நேராக இணைத்துச் சான்றிதழின் காலாவதித் தேதியைக் கேட்கவும். புதிய தேதி வர வேண்டும். வந்த தேதியை டிக்கெட்டில் எழுதவும். பழைய தேதி வந்தால் இரண்டாவது சர்வரைத் தொட வேண்டாம். படி 11-க்குப் போகவும்." படி 11-இல் பழைய நிலைக்குத் திரும்பும் வழியும் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் இருக்கின்றன.

"டிக்கெட்டில் எழுதவும்" என்பது கணக்குக் காட்ட அல்ல. நான்கு தேதிகளை எழுத நான்கு இடம் இருந்தால், ஒன்று காலியாக இருப்பது கண்ணில் படும். நடுவில் அழைப்பு வந்தாலும், ஷிஃப்ட் மாறினாலும், எந்த இடத்தில் விட்டோம் என்பது நம் தலைக்கு வெளியே இருக்கும். கைப்பழக்கமான வேலையில் இடையூறுதான் பெரிய எதிரி. பாதியில் விட்டதைத் தொடரும்போது, வழக்கமாகச் செய்கிற ஒன்றை இன்றைக்கும் செய்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. இருபது தடவை ரீலோட் செய்த நினைவு, இருபத்தோராவது தடவையும் செய்த மாதிரியே இருந்தது எனக்கு. அதனால்தான், இந்தக் குறிப்புகள் புதியவர்களுக்கு மட்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். தெரியாதவர் எப்படியும் பயந்து பயந்து செய்வார், கேட்டுக் கேட்டுச் செய்வார். அத்துப்படியானவருக்குத்தான் இது அதிகம் வேண்டும்.

ஒரு சர்வர் விட்டுப்போவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையை விடப் பெரிய சான்று கிடையாது. 2012-இல் எட்டு சர்வர்களில் புதிய மென்பொருளை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள். எட்டாவதில் ஏறவில்லை. அதில் பல ஆண்டுகளுக்கு முன்பே பயன்பாட்டை நிறுத்திய பழைய நிரல் ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், புதிய மென்பொருளுக்கான சமிக்ஞை அந்தப் பழைய நிரலைத் தட்டி எழுப்பிவிட்டது. 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். நஷ்டம் 44 கோடி டாலருக்கும் மேல்.

மறு ஆண்டு அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் வெளியிட்ட உத்தரவைப் படித்தபோது எனக்கு நெஞ்சில் குத்திய இடங்கள் வேறு. அந்த ஏற்றத்தை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டும் என்று எழுத்தில் ஒரு நடைமுறையும் இல்லை. சந்தை திறப்பதற்கு முன்பே தவறைச் சுட்டும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவற்றை எச்சரிக்கையாகப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. எல்லாவற்றிலும் கொடுமை, பிரச்சினை வெடித்த பிறகு பதற்றத்தில் அவர்கள் ஏழு சர்வர்களிலிருந்தும் சரியான புதிய நிரலை நீக்கினார்கள். அங்கேயும் பழைய நிரல் விழித்துக்கொண்டு, நிலைமை இன்னும் மோசமானது. "தப்பாகப் போனால் என்ன செய்வது" என்பதை அமைதியான ஒரு நாளில் உட்கார்ந்து எழுதி வைக்காவிட்டால், பதற்றமான நாளில் கை தானாக ஏதோ ஒன்றைச் செய்துவிடும்.

குறிப்பைப் பின்பற்றினால் மட்டும் போதுமா என்றால், போதாது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை வடக்கு வர்ஜீனியா பகுதியில் சுமார் நான்கு மணி நேரம் படுத்துவிட்டது. பின்னர் அமேசான் தந்த விளக்கத்தில் ஒரு விவரம் உண்டு: அந்த ஊழியருக்கு அனுமதி இருந்தது, வகுத்து வைத்த குறிப்பின்படிதான் அவர் வேலை செய்தார். சில சர்வர்களை நீக்கும் கட்டளையில் ஒரு மதிப்பைத் தவறாகக் கொடுத்ததால், நினைத்ததை விட அதிகமான சர்வர்கள் நீங்கிவிட்டன. இதற்குப் பிறகு அவர்கள் செய்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். "கவனமாகத் தட்டச்சு செய்யவும்" என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டு நிற்கவில்லை. கருவியையே மாற்றினார்கள். சர்வர்களை மெதுவாகத்தான் அது நீக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும்படி சொன்னால் மறுத்துவிடும். "கவனமாக", "ஜாக்கிரதையாக" என்ற சொல் ஒரு குறிப்பில் வந்தாலே அங்கே கருவியில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன் நான். அந்தச் சொற்களை எங்கள் விக்கியில் தேடி எடுத்து ஒவ்வொன்றாக அடைப்பது ஒரு காலாண்டு முழுக்க எங்களுக்கு வேலையாக இருந்தது.

அந்த நாளில் நடந்த இன்னொன்று: சேவைகளின் நிலையைக் காட்டும் அமேசானின் பலகையே எஸ்3-ஐச் சார்ந்திருந்ததால், அதைக் கொஞ்ச நேரம் மாற்ற முடியவில்லை. நம் விக்கி எந்த சர்வரில் ஓடுகிறது என்று ஒரு தரம் பாருங்கள். விக்கி விழுந்தால் அதை எழுப்பும் குறிப்பு விக்கிக்குள்ளேயே இருந்தால் யாருக்கும் உதவாது. முக்கியமான நாலைந்து குறிப்புகளின் பிரதி வேறோர் இடத்தில், முடிந்தால் காகிதத்திலும், இருக்கட்டும்.

எந்த இயந்திரத்தில் இருக்கிறோம் என்பது தெரியாமல் போவது ஐ.டி.யில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு தடவையாவது வயிற்றைக் கலக்கியிருக்கும். 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் இரண்டாம் நிலைத் தரவுத்தள சர்வரில் இருப்பதாக நினைத்து, முதன்மை சர்வரின் தரவுக் கோப்புறையை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜி.பி. இருந்த இடத்தில் 4.5 ஜி.பி.தான் மிஞ்சியது. பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போனால் தினசரி பேக்கப் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தரவுத்தளத்தின் பதிப்பும் பேக்கப் கருவியின் பதிப்பும் வேறு வேறு. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு பிரதியிலிருந்துதான் மீண்டார்கள். அதை ஒளிக்காமல் உலகத்துக்கு முன்னால் வைத்த அவர்களின் நேர்மைக்கு இந்தத் துறையே கடன்பட்டிருக்கிறது. முதன்மைத் தரவுத்தளத்தை இரண்டாம் நிலை சர்வருக்குப் பிரதியெடுக்கும் நடைமுறை உடையக்கூடியது, ஒழுங்காக எழுதி வைக்கப்படவில்லை என்று அவர்களே அன்றைய குறிப்புகளில் எழுதினார்கள்.

அதிலிருந்து எங்கள் குறிப்புகள் எல்லாவற்றிலும் முதல் படி ஒன்றேதான்: இயந்திரத்தின் பெயரைச் சொல்லும் ஹோஸ்ட்நேம் கட்டளையைக் கொடுத்து, வருகிற பெயரை டிக்கெட்டில் உள்ள பெயரோடு ஒப்பிடவும். அழிக்கும் படி எதுவாக இருந்தாலும் அதற்கு நேர் முன்னால் மறுபடியும் அதே படி வரும். முதலில் சிலர் சலித்துக்கொண்டார்கள். இப்போது சலிப்பில்லை, பழகிவிட்டது. பேக்கப்புக்கான குறிப்பும் "பேக்கப் எடுக்கவும்" என்று முடிவதில்லை. மாதம் ஒரு முறை தனி சர்வரில் அதை ரீஸ்டோர் செய்து, குறிப்பிட்ட ஒரு அட்டவணையில் எத்தனை வரிசைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதில் முடிகிறது.

சர்வர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இந்தக் குறிப்புகள்மேல் பற்று வந்தது உதவி மையத்தில் வேலை பார்த்த நாட்களில். பாஸ்வேர்ட் ரீசெட் போலச் சாதாரண வேலை எதுவும் இல்லை. ஒருவர் போன் செய்வார்: "நான் இன்ன துறையின் இயக்குநர், இன்னும் பத்து நிமிடத்தில் கூட்டம், உடனே மாற்றிக் கொடு." குரலில் கோபம் இருக்கும். எதிர்முனையில் இருப்பவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன ஒரு பெண். அழைத்தவர் உண்மையிலேயே இயக்குநராக இருக்கலாம். இயக்குநர் போலப் பேசி உள்ளே நுழையப் பார்க்கிற திருடனாகவும் இருக்கலாம். இப்படிப் போன் செய்து உதவி மையத்தை ஏமாற்றுவது இன்றைக்கும் பலிக்கிற தந்திரம்.

அந்தப் பெண்ணிடம் "புத்தியோடு முடிவு செய்" என்று விடுவது அநியாயம். அவளுக்கு முன்னால் எழுதி வைத்த படி ஒன்று இருக்க வேண்டும்: "அழைத்தவர் யாராக இருந்தாலும், பணியாளர் பட்டியலில் பதிவாகியிருக்கும் எண்ணுக்கு நாம் திருப்பி அழைக்க வேண்டும். அழைத்தவர் தருகிற வேறு எண்ணுக்கு அழைக்கக் கூடாது. விதிவிலக்கு இல்லை." அப்போது அவள் தன் பேரில் மறுக்க வேண்டியதில்லை. "சார், இது எல்லோருக்கும் உள்ள முறை, நான் இப்போதே உங்களுக்குத் திருப்பி அழைக்கிறேன்" என்று நடுங்காமல் சொல்லலாம். நாளைக்கு யாராவது கேட்டால் மேலாளர் அந்த வரியைக் காட்டி அவள் பக்கம் நிற்கலாம். நிற்க வேண்டும். நிற்காத மேலாளர் இருக்கும் இடத்தில் அந்த வரியை இரண்டாம் தடவை யாரும் பின்பற்ற மாட்டார்கள். அதிகாரம் குறைந்தவர் கையில் எழுத்து ஒரு கேடயம் என்பதை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

இப்படி எல்லாவற்றையும் எழுதி வைத்தால் மனிதர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று நல்ல பொறியாளர்களே சொல்வதுண்டு. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். புதிதாக ஒரு கோளாறு வரும்போது, காரணமே தெரியாதபோது, படிப்படியான குறிப்பால் பயனில்லை. அங்கே அறிவும் அனுபவமும்தான் வேண்டும். ஆனால் அந்த நேரத்துக்கான யோசனையை, ரீலோட் செய்தோமா இல்லையா என்று நினைவுபடுத்திக்கொள்வதில் செலவழித்துவிட்டால் அப்புறம் எதை வைத்து யோசிப்பது? ஒரு படி ஏன் இருக்கிறது என்று அதன் கீழேயே ஒரு வரி எழுதினாலும் இந்தக் கவலை பாதி குறையும். காரணம் தெரிந்தவர், அந்தக் காரணம் பொருந்தாத நாளில் நின்று கேட்பார்.

சான்றிதழ் வேலைக்கே திரும்ப வருகிறேன், ஏனென்றால் அது மாறிக்கொண்டிருக்கிறது. 2020 செப்டம்பரிலிருந்து பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 398 நாட்களாக இருந்தது. உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குபவர்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் அதைப் படிப்படியாகக் குறைக்க வாக்களித்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2027-இல் 100, 2029-இல் 47. வருடத்துக்கு ஒரு தடவை செய்ததை ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டும். கையால் செய்கிற வேலையாக இனி இது இருக்க முடியாது.

எங்கள் குறிப்பைத் தானாக ஓடும் ஸ்கிரிப்டாக மாற்றத் தொடங்கியபோது அது சுலபமாக நடந்தது. காரணம், ஒவ்வொரு படிக்கும் கீழே "இது தெரிய வேண்டும்" என்று ஏற்கெனவே எழுதியிருந்தோம். கட்டளையை ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டது. எதிர்பார்க்கும் விடையோடு ஒப்பிடுவதையும் அதுவே எடுத்துக்கொண்டது. "நில்" என்றிருந்த இடங்களில் அதுவும் நிற்கிறது, ஆன்காலில், அதாவது அவசர அழைப்புக்குப் பொறுப்பில், இருப்பவரை எழுப்புகிறது. மனிதருக்கென்று மிஞ்சிய குறிப்பு இப்போது ஸ்கிரிப்ட் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றியது, ஒன்பது படி.

போன வாரம் அந்த ஒன்பது படிகளையும் ஒத்திகை பார்த்தோம். செய்தது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். அவள் பின்னால் நாற்காலி போட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், அன்றைக்கு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்ட அதே பையன். மூன்றாவது படியில் அவள் நின்றாள். "அண்ணா, பழைய கோப்புன்னு போட்டிருக்கே, ரெண்டு பழைய கோப்பு இருக்கு. எது?" அவன் பதில் சொல்லவில்லை. தன் மடிக்கணினியைத் திறந்து மூன்றாவது படியைத் திருத்த ஆரம்பித்தான்.